டிபன் பாக்ஸில் போன குளவிகள்

வெள்ளிக்கிழமை காலை 6.20. சீர்காழி பேருந்து நிலையத்தில் தஞ்சாவூர் வண்டி ஏறினேன். கையில் ஒரு துணிப்பை, பைக்குள் கழுவிக் காயவைத்த எவர்சில்வர் டிபன் பாக்ஸ். பள்ளிக்கு ஒரு நாள் விடுப்பு. ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று பக்கத்து வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டார். நானும் மறுக்கவில்லை. ஒரு பெண்ணின் ஆறு மா நிலம் என் பேச்சால் கெட்டுப்போகுமோ என்ற பயத்தில் கிளம்புகிறேன் என்று காலை ஆறு மணிக்கு யாரிடம் சொல்வது?

அந்தப் பெண்ணின் பெயர் மலர்க்கொடி. திருவிடைமருதூர்ப் பக்கம் நான் முன்பு அறிவியல் ஆசிரியராக இருந்த பள்ளியில் தற்காலிக ஆய்வக உதவியாளராக இருந்தார். வேலை நிரந்தரமாகவில்லை. அவருடைய பெற்றோர் அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டவர்கள்; இவர் இரண்டு வருஷமாகக் குத்தகைக்கு நிலம் பிடித்துத் தன் பெயரிலேயே சாகுபடி செய்கிறார். ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். இந்தச் சம்பாவில் இலைச் சுருட்டுப்புழு விழுந்தது. மருந்து அடிக்கப் போனவரைப் போனில் நிறுத்தியவன் நான்தான். "வேண்டாம்மா, குளவி விடலாம். புழு முட்டையிலேயே செத்துப்போகும்" என்றேன். பாடம் நடத்துகிற வாய் சும்மா இருக்குமா?

அவர் ஒரு வாரம் பொறுத்தார். பிறகு வியாழக்கிழமை போனில் சொன்னார். "அடுத்த வெள்ளி வரைக்கும் பார்ப்பேன் சார். அதுக்குள்ள நிக்கலைன்னா மருந்துதான். ஆள் வெச்சு அடிக்க வசதியில்லை, அவர்தான் டேங்கைத் தூக்கணும்."

அவர் என்றால் கணவர் குணசேகரன். எட்டு வருஷம் ஊரெல்லாம் கூலிக்கு மருந்தடித்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் வரப்பிலேயே வாந்தியெடுத்து விழுந்து, ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனி அந்தத் தெளிப்பானைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால்தான் இரவெல்லாம் புரண்டுவிட்டு இந்த வண்டியில் ஏறியிருந்தேன்.

மயிலாடுதுறை 7.05. கும்பகோணம் 8.30. இரண்டு பக்கமும் சம்பாப் பயிர் முழங்கால் உயரத்துக்குப் பச்சையாக நின்றது. நான் கடற்கரைப் பிள்ளை. அப்பா, சித்தப்பா எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். வயலைப் பார்த்தால் அழகாக இருக்கிறது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. அன்று ஒவ்வொரு வயலிலும் வெளுத்த இலை தெரிகிறதா என்று தேடிக்கொண்டே போனேன். தேடினால் தெரியத்தான் செய்கிறது.

காலை 10.15, தஞ்சாவூர். மருத்துவக் கல்லூரி சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெருவில், மாடியில் குளவி வளர்த்துக் கொடுக்கிற சின்ன ஆய்வுக்கூடம் அது. குளவியை ஒட்டித் தருகிற அட்டை மதியம்தான் கிடைக்கும் என்றார்கள். நாலு மணி நேரத்தில் பெரிய கோயிலைப் பார்த்திருக்கலாம். நானோ எதிரில் இருந்த கடையில் பன்னிரண்டு ரூபாய் டீயை மூன்று தடவை குடித்துவிட்டு மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்கு ஒரு பெண் நாலு அட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்று அறுபது ரூபாய். தபால் கார்டில் பாதி இருக்கும். அதன்மேல் கசகசாவைக் கொட்டி ஒட்டியதுபோலக் கருப்பாகப் பொடிப்பொடி முட்டைகள். அரிசியில் விழுகிற ஒரு அந்துப்பூச்சியின் முட்டைகள் அவை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குளவி வளர்ந்துகொண்டிருக்கிறது. குளவி என்றதும் கொட்டுகிற குளவியை நினைக்க வேண்டாம். இது ஒரு புள்ளியைவிடச் சின்னது. பொரிந்து வெளியே வந்ததும் சுருட்டுப்புழுவின் முட்டையைத் தேடிப்போய் அதற்குள் தன் முட்டையை வைத்துவிடும். அப்புறம் அங்கிருந்து வருவது புழு அல்ல, இன்னொரு குளவி.

"வெயில் படக்கூடாது சார். மூடியை இறுக்கி மூடாதீங்க, காத்து போகணும். மருந்து வாசனையே ஆகாது. நாளைக்குக் காலையில பொரிய ஆரம்பிச்சிடும், அதுக்குள்ள பயிர்ல கட்டிடுங்க" என்றார் அந்தப் பெண். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். மருந்து வாசனையின் கீழே கோடும் போட்டேன்.

2.40க்குக் கும்பகோணம் பேருந்து. நாற்பது கிலோமீட்டர், கட்டணம் முப்பத்தைந்து ரூபாய். சாலை வளைய வளைய வெயில் இடம் மாறியது. அதற்கேற்ப நானும் மாறினேன். மூன்றாவது இருக்கைக்குப் போனபோது பக்கத்தில் இருந்த பெரியவருக்குப் பொறுக்கவில்லை.

"அந்த டப்பால என்னங்க, திறந்து திறந்து பாக்கறீங்க?"

"குளவிங்க."

"எத்தனை?"

"ஆயிரக்கணக்குல இருக்கும்."

அவர் என்னை ஒருமுறை, டப்பாவை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து ஓட்டுநருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். உட்கார இடம் இருந்தும் கும்பகோணம் வரை நின்றே வந்தார். விளக்கிச் சொல்லலாம் என்று எழுந்தால், நான் வருவதைப் பார்த்து இன்னும் இரண்டடி தள்ளிப்போனார்.

கும்பகோணம் 4.10. வண்டி மாறித் திருவிடைமருதூர் 4.50. அங்கிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு ஆட்டோ, நூற்றிருபது ரூபாய். வானம் மேற்கில் கருத்துக்கொண்டு வந்தது. "மழை வருமா?" என்று ஓட்டுநரிடம் இரண்டு தடவை கேட்டேன். "ஐப்பசியில மழை வராம பின்ன என்னங்க வரும்?" என்றார் அவர்.

மலர்க்கொடி வாய்க்கால் மதகருகே நின்றிருந்தார். நேரே வயலுக்குக் கூட்டிப்போனார். இலைகள் நீளவாக்கில் குழாய்போலச் சுருண்டிருந்தன. ஒன்றைப் பிரித்தார். உள்ளே பச்சைப் புழு. அது சுரண்டித் தின்ற இடம் வெள்ளைக் கோடாகக் கிடந்தது. வரப்பில் நடக்க நடக்க மஞ்சள் அந்துப்பூச்சிகள் காலடியிலிருந்து எழும்பி, இரண்டடி பறந்து, மறுபடி பயிரில் உட்கார்ந்தன. ஒவ்வொன்றும் முட்டையிடத்தான் உட்காருகிறது என்று தெரிந்தபோது டிபன் பாக்ஸை இன்னொரு தடவை திறந்து பார்த்துக்கொண்டேன்.

"பக்கத்து வயலெல்லாம் ரெண்டு தடவை அடிச்சிட்டாங்க. நான் மட்டுந்தான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறேன்னு சொல்றாங்க" என்றார் மலர்க்கொடி. குறையாகச் சொல்லவில்லை. அப்படியிருந்தும் எனக்குக் குத்தியது.

இருட்டத் தொடங்கியிருந்தது, தூறலும் போட்டது. நனைந்தால் அட்டை வீண். காலையில் கட்டலாம் என்று வீட்டுக்கு வந்தோம். இரண்டு அறை வீடு. முன்னறையில் சுவரில் ஒரு பலகைத் தட்டு. மூடியைக் கொஞ்சம் திறந்து டிபன் பாக்ஸை அதில் பத்திரமாக வைத்தேன்.

குணசேகரன் எனக்கு நாற்காலி போட்டார். பேச ஆரம்பித்த ஐந்து நிமிஷத்தில் கொசு காலைப் பிடுங்கியது. "கொசு ஜாஸ்தி போல?" என்று கேட்டேன். வாயைத் திறந்து கேட்டது நான்தான். மனிதர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடி, முக்குக் கடையில் கொசு மெஷினும் ஒரு பாட்டில் திரவமும் வாங்கிவந்து செருகினார். விருந்தாளிக்குக் கொசு கடித்தால் அவருக்கு அவமானம். சிவப்பு விளக்கு எரிந்தது. அதன் கீழே உட்கார்ந்துகொண்டு, பூச்சி மருந்து எப்படி நல்ல பூச்சிகளையும் சேர்த்துக் கொல்கிறது என்று ஒரு மணி நேரம் அவருக்கு நான் விளக்கினேன்.

"எனக்கு மூக்குல துணி கட்டுன்னு யாரும் சொன்னதில்ல சார்" என்றார் அவர். "காத்துக்கு எதிரா நடக்காதேன்னும் சொன்னதில்ல. கை நடுக்கம் இப்பக் கொஞ்சம் தேவலை."

7.45க்கு மலர்க்கொடி தோசை கொண்டுவந்தார். முதல் விள்ளலை வாயில் வைத்தபோது தற்செயலாக நிமிர்ந்தேன். செருகியிருந்த மெஷின், அதற்கு நேர் மேலே பலகைத் தட்டு, தட்டில் திறந்த டிபன் பாக்ஸ். கொசுவைக் கொல்கிற அந்தத் திரவம் வயலில் அடிக்கிற மருந்துக்குத் தம்பிதான். எட்டாம் வகுப்புக்கு நானே நடத்தியிருக்கிறேன்.

சொல்லாமல் விட்டால் என்ன என்ற யோசனை வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. காலையில் அட்டையைக் கட்டிவிட்டு ஊருக்குப் போய்விடலாம். பொரியாவிட்டால் மழை மேல், வெயில் மேல் பழி போட இடமிருக்கிறது. அந்தத் தோசை முடிகிற வரை யோசித்தேன். எதிரே குணசேகரன் இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன்.

மலர்க்கொடி மெஷினைப் பிடுங்கினார். டிபன் பாக்ஸை எடுத்துத் துணிப்பையில் போட்டு, எறும்பு ஏறாதபடி வாசல் பந்தலில் துணி காயப்போடும் கம்பியில் மாட்டினார். "காலையில பார்க்கலாம் சார்" என்றார். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. குணசேகரன் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு, தான் ஏதோ தப்புச் செய்துவிட்டவர்போல நின்றார். தப்பு என்னுடையது என்று நான் சொல்லச் சொல்ல அவர் இன்னும் கூசிப்போனார்.

சனிக்கிழமை காலை 6.15. மழை இல்லை. அட்டைகளை மலர்க்கொடி துண்டு துண்டாக வெட்டினார். டப்பாவில் மேலாக இருந்த அட்டையில் ஒரு துண்டையும் அடி அட்டையில் ஒரு துண்டையும் எடுத்து, தனித்தனியாக இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் போட்டு, வாயில் மெல்லிய துணி கட்டி வெளிச்சத்தில் வைத்தார். ஆய்வக உதவியாளரின் கை அது. நான் லென்ஸை வைத்துக்கொண்டு குனிந்தேன்.

6.40. ஒன்றுமில்லை. 7.00. மேல் அட்டைப் பாட்டிலின் அடியில் தூசி மாதிரி பத்துப் பன்னிரண்டு. லென்ஸில் பார்த்தால் இறக்கை தெரிந்தது. அசையவில்லை.

"செத்ததுங்களா?" என்றார் குணசேகரன்.

"ஆமாங்க" என்றேன்.

7.20க்கு மலர்க்கொடி என் கையிலிருந்து லென்ஸை வாங்கினார். அடி அட்டையின் பாட்டிலை வெகு நேரம் பார்த்தார். "சார், இதுல ஒண்ணு மேல ஏறுது" என்றார். பார்த்தேன். கண்ணாடியில் ஒரு புள்ளி நகர்ந்தது. அதன் பின்னால் இன்னொன்று. ஏழரைக்குள் எண்ண முடியாத அளவுக்கு வெளிச்சம் இருந்த பக்கம் ஏறிக்கொண்டிருந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்ததால் கீழே இருந்தவை தப்பியிருக்க வேண்டும். மேல் அட்டை மட்டும் பெரும்பாலும் போய்விட்டது.

"நான் தஞ்சாவூர் போய் வேற வாங்கிட்டு வந்துடறேன்" என்றேன்.

"நீங்க வர்றதுக்குள்ள இது பொரிஞ்சு பறந்துடும். இருக்கறதைக் கட்டுவோம்" என்று மலர்க்கொடி ஸ்டேப்ளரை எடுத்துக்கொண்டு நடந்தார்.

முதலில் குணசேகரனும் மலர்க்கொடியும் ஆளுக்கொரு முனையாகக் கயிற்றைப் பிடித்துப் பயிரின் தலையை உரசிக்கொண்டே வயலைக் கடந்தார்கள். சுருளில் இருந்த புழுக்கள் தண்ணீரில் உதிர்ந்தன. கொக்குகள் பின்னாலேயே வந்தன. பிறகு மூவரும் இறங்கி, துண்டுகளை இலையின் அடிப்பக்கத்தில் ஸ்டேப்ளர் போட்டு மாட்டினோம். முழங்கால் வரை சேற்றில் நான் இரண்டு தடவை விழப்போனேன். இரண்டு தடவையும் அட்டையைத்தான் தூக்கிப் பிடித்தேன். 9.15க்கு முடிந்தது. பயிர் முன்பு எப்படி நின்றதோ அப்படியே நின்றது. ஏதாவது நடந்தது என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை.

10.30க்கு மயிலாடுதுறை வண்டி. வழியெல்லாம் ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் ஊரில் கவலைக்கு ஒரு நேரம் உண்டு. படகு திரும்புகிற நேரம் தாண்டினால் கரையில் கூட்டம் சேரும், நாலு பேர் ஒன்றாக நின்று கவலைப்படலாம், படகு தெரிந்ததும் முடிந்துவிடும். வயல்காரருக்கு அப்படி இல்லை. அவர்கள் கவலை கண்முன்னாலேயே பச்சையாக வளர்ந்துகொண்டு நிற்கிறது. பக்கத்து வயல்காரர் வரப்பில் போகும்போதெல்லாம் ஒரு பேச்சு வேறு.

அடுத்த வெள்ளி மதியம், சாப்பாட்டு இடைவேளையில் போன் வந்தது.

"புது இலையில சுருட்டல் கம்மியா இருக்கு சார். இல்லவே இல்லைன்னு சொல்ல மாட்டேன், கம்மி" என்றார் மலர்க்கொடி.

"மருந்து?"

"அடிக்கலை. ரெண்டாவது தடவை அட்டை கட்டணும்."

"நாளைக்கே வாங்கிக்கிட்டு வரேன்."

"வேண்டாம் சார். இவரே காலையில தஞ்சாவூர் போறாரு. நீங்க எதுக்கு அலையறீங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். கொசு மெஷின் ராத்திரியை அவர் மறக்கவில்லை என்பது எனக்குப் புரியாமல் இல்லை. அலைபேசியை வைத்துவிட்டு டப்பாவைத் திறந்தேன். அந்த வாரத்தில் அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.