விருந்தாளிக் கதிரை

உயர்தரம் படித்த காலத்தில் எங்கள் பாடசாலை மண்டபத்தைப் பலகையால் இரண்டாகத் தடுத்திருந்தார்கள். ஒரு பக்கம் நாங்கள், கலைப்பிரிவு. மறுபக்கம் தொழிற்கல்விப் பிரிவு. பலகை கூரையை எட்டவில்லை. நாங்கள் செய்யுளின் பொருளை எழுதிக்கொண்டிருக்கையில், "குட் மோர்னிங் சேர், வெல்கம் மேடம்" என்று அந்தப் பக்கத்துக் குரல்கள் ஒன்றாக எழும். எங்கள் ஆசிரியர் அவை அடங்கும்வரை காத்திருந்து, விட்ட வரியிலிருந்து தொடர்வார்.

அந்தக் குரல்களில் ஒன்று என் சித்தப்பா மகளுடையது; எனக்குத் தங்கை முறை. லிந்துலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசையில் எங்களுக்கு அடுத்தடுத்த வீடு. சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறியதால் மற்றப் பிரிவுகள் அவளுக்குக் கிடைக்கவில்லை. கட்டட வேலை, தையல், விருந்தோம்பல் என்று இருந்தவற்றில் அவள் விருந்தோம்பலைத் தேர்ந்தாள். வேறு வழியின்றித் தேர்ந்ததாக ஒருநாளும் பேசியதில்லை. மாலையில் பைப்படியில் தண்ணீர் பிடிக்கும்போது அன்றைய பாடத்தைச் சொல்வாள்.

"இன்னைக்குத் தலகாணி," என்றாள் ஒருமுறை. "ஒறை போடுறப்ப தாடையில இடுக்கிப் புடிக்கக்கூடாது. கெஸ்ட்டு மொகம் வைக்கிற எடம். நீ என்னா படிச்ச?"

"தலைவன் பிரிஞ்சு போற பாட்டு."

"எங்க போறானாம்?"

"பொருள் தேட."

"எங்க மிஸ்கிட்ட அனுப்பு. வேல வாங்கிக் குடுப்பாங்க."

இரண்டாம் ஆண்டின் முடிவில், நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் சிலரைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் என்று அறிவித்தார்கள். அங்கேயே தங்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் வேலை கிடைக்கலாம். அவளுக்கு அதற்குப் போயே ஆகவேண்டும். பெற்றோர் சம்மதமின்றிப் பாடசாலை அனுப்பாது. சித்தப்பாவோ சம்மதிக்கவில்லை.

"ஊரான் படுத்து எந்திரிச்ச படுக்கையத் தட்டிப் போடத்தான் இம்புட்டு வருசம் படிச்சியா?" என்று கேட்டார்.

"கொழுந்து பறிக்க எத்தன வருசம் படிக்கணுமுங்க?" என்று அடுப்படியிலிருந்து சித்தி கேட்டார்.

மாணவர்கள் தாங்கள் கற்றதைப் பெற்றோர் முன் செய்துகாட்டும் நாள் ஒன்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சித்தப்பா ஒப்புக்கொண்டார்.

அன்று தடுப்புப் பலகையை நகர்த்தி வைத்திருந்தார்கள். பார்வையாளர்கள் போதாதென்று எங்கள் வகுப்பையும் பின்வரிசையில் உட்கார்த்தினார்கள். ஹோட்டலிலிருந்து வந்த பயிற்சி அதிகாரி முன்னால் இருந்தார். இரண்டு நீள வாங்குகளைச் சேர்த்துக் கட்டில் ஆக்கியிருந்தார்கள். என் தங்கை வெள்ளை விரிப்பை ஒரே வீச்சில் விரித்து, மூலைகளைக் கடித உறைபோல மடித்துச் செருகினாள். அதிகாரி தலையசைத்தார். சித்தப்பா சுவரோரமாக, இஸ்திரி போட்ட சட்டையில், நின்றபடியே பார்த்தார்.

அடுத்தது தேநீர் பரிமாறுவது. அதற்கு ஒரு விருந்தாளி வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கற்பித்த அவர்களுடைய ஆசிரியை, நல்லெண்ணத்தோடுதான், சித்தப்பாவைக் கூப்பிட்டார்.

"ஐயா, வந்து இந்தக் கதிரையில இருங்கோ. இண்டைக்கு நீங்கள்தான் விருந்தாளி."

"பரவால்லீங்க மிஸ், நான் நிக்கிறேன்."

"நிண்டுகொண்டு தேத்தண்ணி குடிக்கிற ஆள் ஹோட்டலுக்கு வாறேல்ல, ஐயா."

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா வந்து கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தார். தங்கை இடது உள்ளங்கையில் தட்டை ஏந்தி நடந்து வந்தாள். வலப்பக்கம் குனிந்து கோப்பையை அவர் முன்னிருந்த மேசையில் வைத்து, கற்பித்த புன்னகையோடு, "யுவர் டீ, சேர்," என்றாள்.

அவர் கோப்பையையும் அவளையும் பார்த்தார். பிறகு எழுந்தார். அடித்தட்டோடு கோப்பையை இரு கைகளிலும் எடுத்துக்கொண்டு போய் அதிகாரியின் முன் குனிந்து நீட்டினார்.

எங்கள் லயத்தில் அதுதான் வழக்கம். தோட்டத்து உத்தியோகத்தர் யார் வீட்டு வாசலுக்கு வந்தாலும் முதல் தேநீர் அவருக்கு; அவர் குடித்து முடிக்கும்வரை வீட்டார் யாரும் உட்காருவதில்லை. அதிகாரி ஒருவர் இருக்கும் இடத்தில் முதல் கோப்பை தன்னிடம் வந்ததைச் சித்தப்பா தன் மகள் செய்த பிழையாகக் கண்டிருக்கிறார். அவளைக் காப்பாற்றத்தான் எழுந்திருக்கிறார்.

அதிகாரி கோப்பையை வாங்கிக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் இருந்த பாடசாலை அதிபரிடம் சிங்களத்தில் சொன்னார்: இவர்களுக்கு நாம் பெரிதாகப் பழக்க வேண்டியதில்லை, இரத்தத்திலேயே இருக்கிறது. பாராட்டாகத்தான் சொன்னார். அங்கிருந்தவர்களில் அநேகருக்குச் சிங்களம் விளங்கும். சித்தப்பாவுக்கும் விளங்கும். தங்கை வெறும் தட்டை ஏந்தியபடி நின்றாள். நிகழ்ச்சி முடிந்ததாக ஆசிரியை சொல்லும்வரை புன்னகையை எடுக்கக்கூடாது என்பது விதி. அவள் எடுக்கவில்லை.

தெரிவானவர்களின் பெயர்களை வாசித்தபோது அவள் பெயரே முதலில் வந்தது.

திரும்பும்போது மூவரும் தேயிலை மலைக் குறுக்குவழியில் ஏறினோம். பாதி வழியில் சித்தப்பா பேச்சைத் தொடங்கினார்.

"ரத்தத்துலயே இருக்குன்னாரே. அப்ப நீ ரெண்டு வருசமா என்னா படிச்ச?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர்போல் கேட்டார். அவள் முன்னால் நடந்துகொண்டே, "மேசையில இருந்து கோப்பைய எடுக்கக் கூடாதுன்னு படிச்சேன்ப்பா. கெஸ்ட்டு எந்திரிக்கவே கூடாது," என்றாள். குரல் உடைந்தது. "நீங்க எந்திரிச்சிட்டீங்க."

என்னால் முடிந்திருந்தால் அவளைப் போக வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ஆனால் என்னிடம் அவளுக்குக் கொடுக்க வேறெந்தப் பாதையும் இருக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் அவள் போகக்கூடிய வேறு இடம், கொழுந்து பறிப்பவர்களுக்குக் காலையில் பேர் பதியும் பெரட்டுக் களம்தான்.

லயத்துக்கு ஏறும் படியருகே சித்தப்பா நின்றார்.

"போயிட்டு வா," என்றார். "ஆனா அங்க யாருக்காச்சும் டீ குடுக்கிறப்ப என்னய நெனச்சுக்காத."

அவள் தலையாட்டினாள். சித்தியிடம் சொல்ல உள்ளே போனாள். சித்தி மகிழ்ச்சியில் அழும் சத்தம் எங்கள் வீட்டுவரை கேட்டது. சித்தப்பா சட்டையைக் கழற்றாமல் வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார்.