நிறுத்தினால் எழுந்து நிற்கும் ஊர்

நூறு வருஷத்துக்கும் முன்னால் செத்துப்போன ஒரு ஜெர்மன்காரர் என் ஞாயிற்றுக்கிழமைகளைக் கெடுத்துக்கொண்டிருந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்ன இடத்திலெல்லாம் "எந்தப் படத்துக்குங்க மியூசிக் போட்டாரு?" என்று கேட்டு என்னை நோகடித்திருக்கிறார்கள். அவருடைய தாலாட்டு மெட்டு ஒன்று மட்டும் எல்லோருக்கும் தெரியும், அது அவருடையது என்று தெரியாமலே. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் துபாயிலிருந்து வாங்கி வரும் தொட்டில் பொம்மைகளில் பாதி அதைத்தான் பாடும். பேட்டரி தீரத் தீர அது இழுத்து இழுத்துப் பாடுவதைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும்.

எரியக் காரணம் உண்டு. அந்த மனிதர் வயசான பிறகு பியானோவுக்கென்று சின்னச் சின்ன உருப்படிகள் எழுதினார். விரலை ஓடவிட்டு வித்தை காட்டுகிற சமாசாரமே அவற்றில் கிடையாது. தனியாக இருக்கிற ஒருவர் பாத்திரம் கழுவிக்கொண்டே தனக்குள் பேசிக்கொள்வது போல இருக்கும். திருச்சியில் கல்லூரி விடுதியில் ஒரு பழைய பியானோ இருந்தது. அதில்தான் அவற்றைப் பழகினேன். இப்போது விராலிமலைப் பள்ளியில் வேதியியல் வாத்தியார். வீடு ஆவூரைத் தாண்டி ஒரு சின்ன ஊர். அங்கே கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கீபோர்டு வாசிப்பது என் வேலை.

அந்தக் கீபோர்டைப் பற்றியும் சொல்லவேண்டும். பியானோவில் பாதியை வெட்டி எடுத்துவிட்ட மாதிரி இருக்கும். இடது கைக்கு வேண்டிய ஆழமான கட்டைகள் எதுவும் இல்லாததால், கிணற்றுக்குள்ளிருந்து வரவேண்டிய சத்தத்தையெல்லாம் நான் மொட்டைமாடியிலிருந்து வாசிப்பேன். எழுதியவர் கேட்டால் அடிக்க வருவார்.

அவற்றின் இசை நோட்டுகளை இணையத்தில் எடுத்து ஜெராக்ஸ் கடையில் அச்சடித்து வைத்திருந்தேன். முதல் தாளில் அவர் படம், நெஞ்சு வரைக்கும் தாடியோடு. எங்கள் ஊரில் தாடி வைத்த வெள்ளைக்காரர் என்றால் ஒன்று புனிதர், இல்லாவிட்டால் அந்தக் காலத்துச் சாமியார். என் மாமியார் அதைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்துவிட்டு, "எந்த ஊரு புனிதரு?" என்று என் மனைவியிடம் கேட்டார். கல்யாணமே செய்துகொள்ளாதவர் என்று என் மனைவி சொன்னாள். அது போதுமானதாக இருந்தது.

என் ஆசை ஒன்றே ஒன்றுதான். அந்த உருப்படிகளில் எனக்கு உயிரான ஒன்றை, நாலு பேர் முன்னால், ஒரு தடவையாவது முழுசாக வாசித்துவிட வேண்டும். அது ஐந்தாறு நிமிஷம் போகும். முதலில் ஒரு மெட்டு வரும். நடுவில் எல்லாம் இருண்டுபோகும். பிறகு அதே மெட்டு திரும்பி வரும்போதுதான் முதலில் கேட்டது என்ன என்றே நமக்குப் புரியும். திரும்பி வருவதைக் கேட்காதவர் அதைக் கேட்கவே இல்லை.

எனக்குக் கிடைத்த இடம், எல்லோரும் வரிசையில் போய் நன்மை அப்பம் வாங்கிய பிறகு வரும் அமைதி நேரம். தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிச் செபிப்பார்கள். நான் மெதுவாக வாசிக்கலாம். ஆனால் முதல் பக்கம் முடிவதற்குள் எங்கள் பங்குச் சாமியார் பீடத்துப் பாத்திரங்களைத் துடைத்து வைத்துவிட்டு, "செபிப்போமாக" என்று எழுந்துவிடுவார். அவர் எழுந்தால் நான் நிறுத்த வேண்டும்; நான் நிறுத்தினால் சனம் எழுந்து நிற்கும். இப்படி வருஷக்கணக்கில் அந்த ஊர் ஒரு மேதையின் முதல் பக்கத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் சாமியாரிடமே போய்க் கேட்டேன். நல்ல மனிதர். "அதுக்கென்ன சார், நீங்க முடிச்சப்புறமே நான் எந்திரிக்கிறேன்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கண்ணை மூடி உட்கார்ந்தார். நான் ஆரம்பித்தேன்.

அந்த உருப்படியில் நடுநடுவே மௌனம் உண்டு என்பதை நான் யோசிக்கவில்லை. முதல் மௌனத்தில் கையை எடுத்தேன். கீபோர்டு நின்றதும் பழக்கத்தில் ஊரே எழுந்து நின்றது. அடுத்த சுரத்தைத் தொட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இரண்டாவது மௌனம், மறுபடி எழுந்தார்கள். மூன்றாவதில் பாதிப் பேர் எழுந்தார்கள், பாதிப் பேர் உட்கார்ந்தே இருந்தார்கள், சிலர் நடுவில் குனிந்த நிலையில் நின்று என் கையையே பார்த்தார்கள். மெட்டு திரும்புவதற்கு இரண்டு வரி இருக்கும்போது சாமியார் கண்ணைத் திறந்தார். பார்த்த காட்சி அவருக்குப் பொறுக்கவில்லை. "செபிப்போமாக" என்றார்.

என் மாமியாருக்கு முட்டிவலி. மருமகனிடம் நேரில் குறை சொல்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. நான் கேட்கும்படி மகளிடம் சொல்லுவார். "ஏண்டி, நம்ம பூசைக்குப் போனமா, எக்சர்சைஸ் பண்ணப் போனமா? ஒங்க வீட்டுக்காரருக்கு நெனச்சா நிறுத்துறதும் நெனச்சா வாசிக்கிறதும். இங்கிட்டு முட்டி ரெண்டும் கழண்டுபோச்சு." சாமியாரும் வருத்தத்தோடுதான் சொன்னார், "நம்ம பாட்டே போதும் சார்." எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. தாள்களை மடித்துக் கீபோர்டுப் பைக்குள் திணித்தேன்.

பிறகு திருவிழா வந்தது. மறையுரைக்கு வெளியூரிலிருந்து ஒரு குருவானவரை அழைத்திருந்தார்கள். கோயிலுக்குள் உட்கார இடமில்லை. அவருடைய கார் நெடுஞ்சாலையில் டயர் வெடித்து நின்றுவிட்டது. பாடகர்கள் தெரிந்த பாட்டையெல்லாம் பாடித் தீர்த்துத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார்கள். சாமியார் பூசை உடுப்போடு என்னிடம் ஓடி வந்தார்.

"சார், ஏதாச்சும் வாசிங்க. சும்மா விட்டா சனம் பேச ஆரம்பிச்சிரும்."

"எது வேணாலுமா சாமி?"

ஒரு விநாடி என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு வேறு வழியில்லை. "எது வேணாலும்."

பைக்குள் திணித்திருந்த தாள்களைத் தேடி எடுத்து விரித்தேன். பக்கம் புரட்ட மனைவி பக்கத்தில் நின்றாள். ஆரம்பித்தேன். முதல் மௌனம் வந்தது. தரையில் கைகள் ஊன்றுகிற சத்தமும் சேலைகள் சரசரக்கிற சத்தமும் கேட்டன. போச்சு என்று நினைத்தேன். முன்வரிசையில் இருந்த மாமியார் பின்னால் திரும்பினார்.

"ஒக்காருங்க, ஒக்காருங்க. அவரு இப்படித்தான் நிறுத்துவாரு. நம்பி எந்திரிச்சா நம்ம முட்டிதான் போகும்."

உட்கார்ந்தார்கள். அடுத்த மௌனத்தில் யாரும் அசையவில்லை. அதற்கடுத்ததில் ஒரு கைக்குழந்தை மட்டும் சிணுங்கி அடங்கியது. நடுப்பகுதி இருண்டது, இல்லாத கட்டைகளோடு என்னால் முடிந்தவரைக்கும். பிறகு அந்த மெட்டு திரும்பி வந்தது. எங்கள் கோயிலுக்குள், அத்தனை பேர் முன்னால், அது கடைசிவரைக்கும் வந்தது. முடிந்து கையை எடுத்தேன்.

யாரும் எழவில்லை.

வாசலில் குருவானவர் வந்து நின்றார். பூசை மணி அடித்தது. எங்கள் சாமியார் அவரை அழைத்துக்கொண்டு உள்ளே நடந்து வந்தார்; அத்தனை சனமும் தரையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சாமியார் இரண்டு கைகளையும் மேலே தூக்கித் தூக்கி எழுந்திருக்கச் சொல்லிக் காட்டினார். என் மாமியார் அவரைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டினார்.

"இருங்க சாமி. இன்னும் முடியல."

இரண்டு குருக்களும் பாதி வழியில் நின்றுவிட்டார்கள். பீடச் சிறுவர்கள் மெழுகுவர்த்தியோடு நின்றார்கள். எனக்கு அந்த அமைதியை உடைக்க மனசே வரவில்லை. மனைவி விலாவில் இடித்த பிறகுதான் மைக்கில், "முடிஞ்சிருச்சு" என்றேன்.

"அம்புட்டுத்தானா?" என்றார் மாமியார், முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தபடி. "இன்னுஞ் செத்த நேரம் போகும்னுல்ல இருந்தேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வருகைப் பாடலைத் தப்பான சுருதியில் ஆரம்பித்தேன்; ஊர் முழுக்க அதே சுருதியில் தொண்டை கிழியப் பாடியது.