பெரியவருக்கு மூர்ச்சை போன கதை

இரண்டு இரும்புத் தகடுகளை நடுவில் ஓர் ஆணியால் சேர்த்து, அதைக் கத்தரிக்கோல் என்று சொல்லி விற்கிற துணிச்சல் மனிதனுக்கு எப்போது வந்தது என்று எனக்குத் திட்டமாகத் தெரியாது. மட்டாஞ்சேரிக்கு அது ஐம்பதுகளின் கடைசியில் வந்தது. கொண்டுவந்தவர் என் மச்சான், என் மனைவியின் அண்ணன். வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் அன்றைக்கே அதைக் காயல் தண்ணீரில் வீசிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

நான் தையல்காரன். படகுத்துறைக்குப் போகிற தெருவில் எங்கள் கடை. கடைக்குப் பின்னால் வீடு. கடையை ஆரம்பித்தவர் அத்தா, என் தகப்பனார். அவருக்குக் காது மந்தம், மற்றதெல்லாம் கனஜோர். எழுபது வயதைத் தாண்டியும் ஒரு குழல் புட்டைத் தனியாளாகத் தீர்த்துவிட்டுப் பொத்தான் துளை போட உட்காருவார். தெருவில் எல்லோரும் அவரைப் பெரியவர் என்பார்கள். மதுரையில் இருந்த என் மனைவி வீட்டாருக்கும் அவர் பெரியவர்தான்.

எங்கள் கடையில் ஒரு பழைய கத்தரி இருந்தது. முதல் உலகச் சண்டைக்கு முன்பு, கப்பலில் பாய் தைத்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரனிடமிருந்து அத்தா வாங்கியது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. எட்டு மடிப்புத் துணியை வைத்தாலும் முனகாமல் வெட்டும். அதைத் தூக்கித் தூக்கி என் வலது தோள் இடது தோளைவிட இறங்கிப்போய், என் சட்டையை மட்டும் நான் தனி அளவில் தைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனாலும் அதன் மூர்ச்சையைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னதில்லை. கூர்மையை நாங்கள் மூர்ச்சை என்றுதான் சொல்வோம். மலையாளத்தில் அப்படித்தான். கத்திக்கு மூர்ச்சை, உளிக்கு மூர்ச்சை, அரிவாளுக்கு மூர்ச்சை. மூன்று தலைமுறையாகக் கொச்சியில் கிடக்கிறவன் வாயில் வேறு என்ன வரும்?

மச்சானுக்கு மதுரையில் இரும்புச் சாமான் கடை. ஒரு பெருநாளுக்கு வந்தவர், எனக்கென்று ஒரு பெட்டி நிறையப் புதுச் சாமான் கொண்டுவந்தார். சுத்தியல், குறடு, தகரம் வெட்டுகிற கத்தரி, எல்லாவற்றுக்கும் மேலே வெல்வெட் துணியில் சாய்ந்தபடி ஒரு தையல் கத்தரி. பளபளப்பைக் கேட்க வேண்டாம், அதில் முகம் பார்த்து மீசை திருத்தலாம். வீடு நிறைய விருந்தாட்கள். நான் பேசாமல் வாங்கி வைத்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. எல்லோர் முன்னாலும் ஒரு துண்டுத் துணியை எடுத்து வெட்டிப் பார்த்தேன். துணி வெட்டுப்படவில்லை, இரண்டு அலகுக்கும் நடுவே மடிந்து போய்ப் படுத்துக்கொண்டது.

"மச்சான், இது கத்தரி இல்ல. அடுப்புக் கரி எடுக்கிற இடுக்கி" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவிகூடச் சிரித்துவிட்டாள். மச்சான் பிரியாணியைப் பாதியில் விட்டுக் கை கழுவினார். "என் கத்தரி வெட்டும்னு என்னிக்கு உன் வாயால சொல்றியோ, அன்னிக்கு இந்த வாசப்படி மிதிக்கிறேன் மாப்ள" என்று சொல்லிவிட்டு அடுத்த படகில் போய்விட்டார்.

வெட்டினால் வெட்டுகிறது என்று சொல்வேன். வெட்டாததை எப்படிச் சொல்வது? நான் அதிலேயே நின்றேன். அவரும் நின்றார். ஆறு வருஷம் ஓடிவிட்டது. "உங்களுக்கு என் அண்ணனைவிட அந்த இரும்புப் பெரியவர்தானே பெரிசு" என்று என் மனைவி ஒருநாள் சொன்னாள். அன்றிலிருந்து பழைய கத்தரிக்கும் வீட்டில் பெரியவர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அந்தப் பெட்டியில் இருந்த மற்றச் சாமான்களின் சீர் இன்னும் மோசம். காலண்டர் மாட்ட ஆணி அடிக்கப் போனேன். இரண்டாம் அடியில் சுத்தியல் தலை கழன்று, தெருவைத் தாண்டிப் போய், எதிர்ச் சாயாக்கடையின் பால் சட்டியில் விழுந்தது. கடைக்காரச் சேட்டன் அதைக் கரண்டியால் எடுத்துத் துடைத்துக்கொண்டு வந்து, ரொம்ப மரியாதையாக, "இது நிங்ஙளுடெ தலயாணோ?" என்று கேட்டான், உங்கள் தலைதானா என்று. ஆணியாவது உள்ளே போயிற்றா என்றால், அது சுவரைத் தொட்டதும் வளைந்து என்னைத் திரும்பிப் பார்த்தது.

இதற்கிடையில் என் மூத்த மகளுக்குப் பாலக்காட்டில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணத் தேதி வைத்ததும் என் மனைவி மூன்று கடிதம் மதுரைக்கு எழுதினாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. "தாய்மாமன் இல்லாம எம்புள்ளய எப்படிங்க அனுப்புறது? பாலக்காட்டுக்காரங்க கேட்டா என்ன சொல்ல, ஒரு கத்தரியால வரலன்னா?" என்று கேட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். தினமும் படகு வருகிற நேரத்துக்கு வாசலில் வந்து நின்று, ஆட்கள் போய் முடிந்ததும் உள்ளே போவாள். கடையிலிருந்து நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் வெட்டும் என்று எழுதக் கை வரவில்லை.

அப்போதுதான் அத்தா மண்ணெண்ணெய் ஊற்ற ஒரு புனல் செய்ய ஆசைப்பட்டார். மச்சான் கொடுத்த தகரக் கத்தரியை எடுத்துப் பழைய டின்னில் வைத்து அழுத்தினார். அது காலை அகட்டிக்கொண்டு நின்றுவிட்டது. டின்னில் ஒரு கீறல்கூட இல்லை. சரிதான் என்று மேசையிலிருந்த பெரியவரை எடுத்து, டின்னைச் சுற்றி வெட்டி, அழகான புனல் ஒன்று செய்துவிட்டார். நான் தொழுகை முடிந்து வரும்போது புனலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். பக்கத்தில் பெரியவர் பல்லுப் பல்லாய்க் கிடந்தார்.

"அத்தா, என்ன காரியம் செஞ்சீங்க!" என்று கத்தினேன்.

"ஆமா, ஒழுகாது" என்றார் அத்தா.

சாணைக்காரனிடம் கொண்டுபோனேன். அவன் விரலால் தடவிப் பார்த்து, "மூர்ச்ச போயி சேட்டா, இனி வரில்ல" என்று கையை விரித்துவிட்டான். எர்ணாகுளத்தில் இரண்டு பேரிடம் காட்டியும் அதே பதில். கல்யாணத் துணியெல்லாம் வெட்டாமல் கிடந்தது. மதுரையில் மச்சான் கடைக்குப் பக்கத்தில் ஒரு கைகாரச் சாணைக்காரன் இருப்பதாக அவரே முன்பு பெருமையடித்தது நினைவுக்கு வந்தது. வேறு வழி இல்லை. ஒரு இன்லண்ட் லெட்டரை வாங்கி எழுத உட்கார்ந்தேன்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்தை வீட்டில் கூட்டிக் கூட்டிப் படித்தவன். அதோடு, சண்டைக்குக் காரணமே கத்தரி என்ற சொல்தான் என்பதால் அது ஓர் இடத்திலும் வராமல் பக்குவமாக எழுதினேன். இப்படி:

"மச்சானுக்கு ஸலாம். இங்கே நிலைமை சரியில்லை. வெள்ளிக்கிழமை பெரியவருக்கு மூர்ச்சை போய்விட்டது. வாய் சேரவில்லை. இடுப்பில் ஆட்டம் இருக்கிறது. தினமும் இரண்டு சொட்டு எண்ணெய் விடுகிறேன். அசைவு இருக்கிறது, பிரயோஜனம் இல்லை. இங்கே பார்த்தவர்கள் கைவிட்டுவிட்டார்கள். கல்யாணத்துக்குள் ஏதாவது ஆகவேண்டும். பழசை மனதில் வைக்காமல் உடனே ஒரு வழி செய்யவும்."

எழுதி முடித்துவிட்டு இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். மரியாதை குறையாமல், காரியமும் விடாமல் வந்திருந்தது. எனக்கே என்மேல் மதிப்பு கூடியது.

ஐந்தாம் நாள் காலை, கும்பளங்கி ஊர்க்காரர் ஒருவருக்குக் கை நீளம் அளந்துகொண்டிருந்தேன். வாசலில் மச்சானும் அவர் மனைவியும். ரயில் புகையும் பஸ் தூசியுமாக இரண்டு பேருக்கும் முகமே தெரியவில்லை. மச்சான் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"பெரியவர் எங்க மாப்ள?" என்றார்.

எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. என்ன இருந்தாலும் இரும்போடு பழகினவர், ஒரு கத்தரிக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே என்று நினைத்தேன்.

"உள்ளதான் மச்சான். மேசை மேல கெடத்தி, துணி போட்டு மூடியிருக்கேன்."

"அல்லாவே! எப்போ?" என்று மச்சான் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"பத்து நாளாச்சு. அழாதீங்க. அம்பது வருஷம் உழச்சாச்சு, இனி எவ்வளவுதான் தாங்கும்? உங்களால ஒண்ணும் முடியலன்னா பழய இரும்புக்காரனுக்குக் கொடுத்துடலாம்னு இருக்கேன்."

மச்சான் பிடியை விட்டு இரண்டடி பின்னால் போனார். கும்பளங்கிக்காரர் விரித்த கையை மடக்காமல் எங்களை மாறி மாறிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அத்தா குளித்துவிட்டு, தலையில் துண்டோடு, உள்ளேயிருந்து வந்தார்.

"யாரு, மதுரக்காரனா? சாயா குடிச்சியா?"

மச்சான் மனைவி போட்ட சத்தத்தில் எதிர்ச் சாயாக்கடை முழுக்க எழுந்து வெளியே வந்தது. அவள் கையிலிருந்த பை விழுந்து, அதன் அடியிலிருந்து ஒரு வெள்ளைத் துணிச் சுருள் உருண்டு அத்தா காலடியில் நின்றது. சவத்துக்குப் போர்த்துகிற கபன் துணி, எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்தது. அத்தா குனிந்து எடுத்து, ஓரத்தை விரலால் நெருடிப் பார்த்தார்.

"நல்ல நெசவு. இந்தக் காலத்துல இப்படித் துணி எங்க கெடைக்குது? யாருக்கு?" என்று கேட்டார்.

நான் உள்ளே போய், மேசை மேலிருந்த கத்தரியைத் துணியோடு எடுத்துவந்து திறந்து காட்டினேன்.

அதன்பின் கடிதத்தை மச்சானே வெளியே எடுத்து, தெரு முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். "மூர்ச்சை போச்சுன்னா எங்க ஊர்ல என்ன தெரியுமாய்யா? ஆளு மயங்கி விழுந்தாச்சுன்னு அர்த்தம்! வாய் சேரலன்னு வேற எழுதியிருக்கே, எண்ணெய் விடுறேன்னு வேற எழுதியிருக்கே! கடையைப் பூட்டிட்டு, ரெண்டு ராத்திரி தூங்காம வந்திருக்கேன். அத்தனையும் ஒரு கத்தரிக்கா?" பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "வாடி, அடுத்த படகுக்குப் போவோம்."

என் மனைவி கதவைப் பிடித்தபடி நின்றாள். போகாதீங்க அண்ணே என்றுகூட அவள் சொல்லவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

தையல்காரன் பொய் சொல்லாதவன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று நான் சொன்ன பொய்களை வரிசையாக வைத்தால் எர்ணாகுளம் வரை போகும். ஆனால் ஒரு கருவியைப் பற்றி அதுவரை பொய் சொன்னதில்லை. பெட்டியைத் திறந்து அவருடைய கத்தரியை எடுத்தேன். ஆறு வருஷமாகியும் பளபளப்பு குறையவில்லை. வேலை செய்தால்தானே குறையும். அத்தா கையிலிருந்த வெள்ளைத் துணியை வாங்கி, ஒரு ஓரத்தில் வைத்து அழுத்தினேன். அது மென்றது. இன்னும் அழுத்தினேன். கொஞ்சம் நைந்தது, கொஞ்சம் கிழிந்தது.

"வெட்டுது மச்சான்" என்றேன்.

மச்சான் துணியைப் பார்த்தார். கத்தரியைப் பார்த்தார். அப்புறம் பையைக் கீழே வைத்துவிட்டு, கத்தரியை என் கையிலிருந்து பிடுங்கித் தானே ஒரு தடவை வெட்டிப் பார்த்தார். "துணி ஈரமா இருக்கு" என்றார். இன்னொரு தடவை வெட்டினார். "பழசுலயும் மட்டமானது இருந்துச்சு மாப்ள. மட்டமானதெல்லாம் அப்பவே தூக்கிப் போட்டாச்சு. நல்லது மட்டும் மிஞ்சி நிக்குது. அதை வச்சுக்கிட்டு நீ என் கடைச் சாமானை இளக்காரம் பண்றே" என்றார். அதில் நியாயம் இருக்கிறது என்று அன்றைக்கே எனக்குப் பட்டது. மூன்றாம் தடவை வெட்டிவிட்டு, நைந்த துணியை மேசையில் போட்டார். "இடுக்கிதான்யா இது" என்றவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்துவிட்டேன். எங்களைப் பார்த்துவிட்டு, எதற்கென்று தெரியாமல் அத்தாவும் சிரித்தார்.

கல்யாணம் முடிகிறவரை மச்சான் ஊருக்குப் போகவில்லை. பந்தல் போட்டதிலிருந்து பாலக்காட்டுக்காரர்களை எதிர்கொண்டு கூட்டிவந்தது வரை எல்லாம் அவர்தான். கல்யாணத் துணிகளைப் பக்கத்துத் தெருத் தையல்காரரிடம் இரவல் வாங்கிய கத்தரியால் வெட்டினேன்.

அவர்கள் வந்த அன்று மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு, என் மனைவியிடம் மனம் விட்டுச் சொன்னேன். "என் அரைகுறைத் தமிழால உன் அண்ணன், மதினி ரெண்டு பேரையும் அழ வச்சுட்டேன். வெக்கமா இருக்கு."

அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை.

"ஒட்டுறதுக்கு முன்னால நான் வாசிச்சேங்க."

"எதை?"

"உங்க லெட்டரத்தான். தபால்ல போட்டது நான்தானே? மூர்ச்சைக்கு எங்க ஊர்ல என்ன அர்த்தம்னு எனக்கு மறந்தா போச்சு?"

"அப்போ ஏன் திருத்தல?"

"திருத்தியிருந்தா கத்தரிதான் மதுரைக்குப் போயிருக்கும்" என்றாள். "எங்க அண்ணன் வந்திருப்பாரா?"