பட்டறை வாசலில் வடியாத தண்ணீர்

என் நாத்தனாரை வீட்டில் எல்லோரும் ‘சொட்டு’ என்றுதான் கூப்பிடுவோம். என் கணவர் தங்கைக்கு வைத்த பெயர் அது. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் நான் சமையலறையைப் பார்ப்பேன். அவளோ நேராகக் குளியலறைக்குப் போய், ஒரு குவளைத் தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவாள். வீட்டுக்காரர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! “மூலையில தேங்குது அண்ணி, இது வேண்டாம்” என்று நல்ல நல்ல வீடுகளையெல்லாம் தட்டிக்கழித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் வேலையும் அதுதான். கான்கிரீட் நெடுஞ்சாலைக்கு அடியில் இறங்கும் மழைநீர் ஒழுங்காக வடிகிறதா என்று அளக்க வேண்டும். சாலையில் டம்ளர் அகலத்துக்கு ஒரு துளை போட்டு, அதில் குழாயை நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவாள். மட்டம் சட்டென்று இறங்கினால் அடியில் இருக்கும் ஜல்லி அடைபடாமல் இருக்கிறது என்று பொருள். இறங்காமல் நின்றால் அந்த இடத்தைத் தோண்டியாக வேண்டும்.

அந்த முறை அளக்க வேண்டியிருந்தது எங்கள் லாரிப் பட்டறை வாசலில் போகும் சாலையை. மழை பெய்தால் அங்கே கான்கிரீட் இடுக்கிலிருந்து சேற்றுத் தண்ணீர் பீய்ச்சியடிக்கும். தோண்ட ஆரம்பித்தால் வாசலை மறித்துவிடுவார்கள், ஒரு லாரியும் வராது. எங்கள் அடுப்பு எரிவதே அந்த வாசலை நம்பித்தான்.

“நீ பாத்து ஏதாவது பண்ணு சொட்டு. எல்லாம் உன் கையிலதானே இருக்கு” என்றார் என் கணவர், சோற்றைப் பிசைந்தபடி.

“என் கையில என்னண்ணா இருக்கு? தண்ணி என்ன சொல்லுதோ அதைத்தான் எழுதுவேன்.”

மாமனார் போன பிறகு அவளைப் படிக்கவைத்தவர் என் கணவர்தான். அந்தப் படிப்பே இப்போது எங்கள் வாசலை அடைக்க வருகிறதே என்று எனக்கு வயிறெரிந்தது.

மறுநாள் துளை போட்டார்கள். தண்ணீர் ஊற்றினாள். மடமடவென்று இறங்கியது. மறுபடி ஊற்றினாள், அதுவும் போன இடம் தெரியவில்லை. “பாத்தியா! நம்ம ரோடு தங்கம்!” என்று இவர் துள்ளினார். சொட்டுவும் வாய்விட்டுச் சிரித்தாள். அவளுக்கும் அது பிறந்த வீட்டுப் பிழைப்புதானே.

ஆனால் அவள் வேலை அத்துடன் முடிவதில்லை. உள்ளே போன தண்ணீர் சாலையோரக் குழாய் வழியாக வெளியே வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். சிவப்புச் சாயம் கலந்து ஊற்றிவிட்டு ஓரமாகத் தேடினாள். “இங்க ஒரு குழாய் வாய் இருக்கணுமே?”

இவர் வாசல் சரிவைப் பார்த்தார். லாரி குலுங்காமல் பட்டறைக்குள் ஏற வேண்டுமென்று, வாசலில் கல்லும் சிமெண்டும் கொட்டிச் சரிவு போட்டு அந்த வாயை மூடியவர் இவர்தான்.

அந்த நேரம் பார்த்து, லாரிக்கு அடியில் நின்று வேலை செய்யும் குழியில் நான் ஸ்பானர் எடுக்க இறங்கியிருந்தேன். மழைக்காலம் முழுக்க அந்தக் குழியில் ஊறும் தண்ணீரை இறைத்து இறைத்தே என் இடுப்பு போய்விட்டது. இப்போது சுவர் விரிசலிலிருந்து சிவப்பாக ஒழுகியது. “என்னங்க, இங்க வாங்க!” என்று கத்தினேன்.

சொட்டு எட்டிப் பார்த்தாள். “அண்ணா, தண்ணி வடியல. வெளிய போக வழியில்லாம உன் குழிக்குள்ள மண்ணை அரிச்சுக்கிட்டு வந்திருக்கு. ரோட்டுக்கு அடியில ஒண்ணுமே இல்ல, வெறும் பொந்துதான். அதான் அவ்வளவு வேகமா இறங்குச்சு.”

சொல்லி வாய் மூடவில்லை, பாரம் ஏற்றிய லாரி ஒன்று எங்கள் வாசலை நோக்கித் திரும்பியது. வழக்கமாக வருகிற ஓட்டுநர்தான். இவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடினார். “உள்ள வராதே! வேற பட்டறைக்குப் போ!” தன் வாயாலேயே ஒரு லாரியை அவர் திருப்பி அனுப்பியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சொட்டு சிவப்பு நாடாவைச் சாலையில் கட்டி முடித்து வந்தாள். “யார் அடைச்சதுன்னு எழுதணும் அண்ணா” என்றாள், தலை நிமிராமல்.

“எழுது. அதுக்குத்தானே படிக்க வெச்சேன்.” இவர் சம்மட்டியை எடுத்தார். “குழாய் வாய் எந்த இடத்துல? காட்டு.”

அவள் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டாள். வட்டம் கோணலாக வந்தது, அழித்துவிட்டு மறுபடி போட்டாள். எனக்கு அவள் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. பட்டறை ஷட்டரை நானே இழுத்துச் சாத்திவிட்டு, உடைத்த கல்லை அள்ளக் கூடையோடு போய் நின்றேன்.