பச்சைத் தண்ணீருக்குச் சொன்ன காரணம்

எண்ணூரில் ஒரு தொழிற்சாலையின் அதிகாரிகள் கிளப்பில், கடல்நீர் நிரப்பிய நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்வது பீம்ராவின் வேலை. வியாசர்பாடியிலிருந்து சைக்கிளில் வருவார். பதினொரு வருஷத்தில் குளம் ஒருநாளும் கலங்கியதில்லை. 2001 மார்ச்சில் கலங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆண்டுவிழா. அன்று ஒருநாள் மட்டும் தொழிலாளர் குடும்பங்களும் குளத்தில் இறங்கலாம். பிள்ளைகள் சாயங்காலம்வரை கும்மாளமடித்தார்கள். அன்றே சேப்பாக்கத்தில் டெஸ்ட் மேட்ச் தொடங்கியது. பம்பு ஓடினால் ரேடியோ வர்ணனை காதில் விழாது. பீம்ராவ் பம்பை நிறுத்திவிட்டார். ஐந்து நாளும் அப்படியே. குளோரின் போடுவதையும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினார். வெள்ளிக்கிழமை காலை தண்ணீர் பச்சையாகக் கலங்கிக் கிடந்தது. முதல் படிக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

“என்ன பீம்ராவ் இது?” என்றார் கிளப் செயலாளர்.

“ஞாயித்துக்கெழம ஜனங்க எறங்குச்சு இல்ல சார். எண்ணெத் தலையோட, அழுக்கோட. அதான்.”

மதியமே பலகையில் தாள் ஒட்டிவிட்டார்கள்: இனி தொழிலாளர் குடும்பங்களுக்குக் குளத்தில் அனுமதி இல்லை.

சாதி சொல்லிக் குளத்துப் பக்கமே விடாத ஊரிலிருந்து வந்தவர் பீம்ராவின் அப்பா. குளத்துத் தண்ணீருக்கான உரிமைக்குப் போராடிய தலைவரின் பெயரை மகனுக்குச் சும்மா வைக்கவில்லை. தாளை முழுக்கப் படிக்க பீம்ராவால் முடியவில்லை.

நாலு நாள் வெறிபிடித்தவர்போல உழைத்தார். சுவரெல்லாம் பிரஷ்ஷால் தேய்த்துப் பாசியைக் கிளப்பினார். வெயில் தாழ்ந்ததும் குளோரினை மூன்று மடங்கு ஊற்றினார். பம்பை ஓயாமல் ஓடவிட்டு, வடிகட்டி அடைக்க அடைக்க, தண்ணீரை எதிர்ப்பக்கமாக விட்டு அதன் மணலைக் கழுவினார். பச்சை வெளுத்துப் பால்போல ஆனது. கடைசியில் பம்பை நிறுத்தி, படிகாரம் போட்டு, அடியில் படிந்த மண்டியை உறிஞ்சி வெளியேற்றினார். செவ்வாய்க்கிழமை அடித்தரையின் ஓடுகள் தெரிந்தன.

நேரே செயலாளரிடம் போனார். “சார், தப்பு எம்மேல. நான்தான் பம்ப ஓடவுடல. புள்ளைங்களால இல்ல.”

“தண்ணிதான் தெளிஞ்சுடுச்சே. விடு.”

“அந்த நோட்டீஸ எடுத்துருங்க சார்.”

“மெம்பர்ங்களுக்கு அதுதான் வசதியா இருக்கு. போய் வேலையப் பாரு.”

தொழிற்சாலையில் துப்புரவு வேலை பார்க்கும் நீலா வாசலில் நின்றிருந்தாள். அவளுடைய இரண்டு பெண்களும் ஆண்டுவிழா அன்று குளத்தில் குளித்தவர்கள்.

“எங்க புள்ளைங்க கலீஜ் பண்ணிட்சுங்கன்னு எவனோ சொல்லிக்கீறான்ணா,” என்றாள்.

“நான்தான் நீலா சொன்னேன்.” நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

அவள் கத்தவில்லை. “நீ மேச்சு கேட்டதுக்கு எம்பொண்ணு அழுக்கா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

அதன்பின் ஆறு வருஷம் பீம்ராவ் அங்கேயே வேலை பார்த்தார். நீலாவின் ஷிப்டு முடியும் நேரம் அவருக்குத் தெரியும். அவள் பஸ் போகும்வரை பம்பு அறையை விட்டு வெளியே வரமாட்டார்.