கறுப்பு வெள்ளையில் அப்பா

அப்பா சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, டிசைன் படிக்கும் நான் நெய்வேலியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் இன்டர்ன்ஷிப்பில் இருந்தேன். ரோஜாப்பூ, சிங்கம், பளபளக்கும் எழுத்து என்று அங்கே அடிக்கும் எந்தப் பேனரும் எனக்குப் பிடிக்காது. அப்பாவுக்காவது அழகாகச் செய்ய நினைத்தேன். சுற்றிலும் வெற்றிடம், நடுவில் கறுப்பு வெள்ளையில் அவர் முகம், கீழே விளக்கம் எதுவும் இல்லாமல் வேலையில் சேர்ந்த தேதி, ஓய்வு பெறும் தேதி.

விழாவன்று காலையில் குவார்ட்டர்ஸ் வாசலில் கட்டினேன். பண்ருட்டியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கிய அத்தை அதைப் பார்த்ததும், "ஐயோ அண்ணா, எங்கள வுட்டுட்டுப் போயிட்டியா!" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதார். கறுப்பு வெள்ளை முகத்துக்குக் கீழே இரண்டு தேதிகள் என்றால் எங்கள் ஊரில் அது கண்ணீர் அஞ்சலிதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அழுகுரல் கேட்டு அப்பாவே வெளியே ஓடி வந்தார். பேனரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வுடும்மா," என்றார் அத்தையிடம். "புள்ள சரியாத்தான் போட்டிருக்கா. ரிடையர் ஆயிட்டா குவார்ட்டர்ஸும் நம்மளது இல்ல, இந்த ஊரும் நம்மளது இல்ல."

கெடு நெருங்கிவிட்டதால் கல்லூரி புராஜெக்டாகவும் அதையே வைத்தேன். வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மார்க். சார் குரலைத் தாழ்த்தி, "அப்பா எப்பம்மா தவறினாரு?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் மார்க் குறைந்துவிடுமோ என்று பயந்து தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டில் அப்பா ஆசையாகக் கேட்டார். "சார் என்ன சொன்னாரு?"

"ரொம்ப நல்லாருக்குன்னாருப்பா."

"அப்போ பத்திரமா எடுத்து வை. பின்னாடி உதவும்," என்று சிரித்தார்.

அப்பா அப்படிச் சிரிக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்க இன்றுவரை என்னால் முடியவில்லை.