எட்டாவது தூணில் எழுதிய பெயர்

வெயிலில் காய்ந்த பூச்சின்மேல் தண்ணீர் தெளித்ததும் குப்பென்று எழும் சிமெண்ட் வாசனையில்தான் என்னுடைய பத்தாவது வயது எனக்கு நினைவிருக்கிறது. முசரவாக்கம் பக்கத்துச் சிறு குன்றின் உச்சியில், கொத்தனாரான என் பெரியப்பா, வேலைக்குப் போன வீடுகளில் கேட்டு வாங்கிய மிச்சச் சிமெண்டையும் உடைகல்லையும் சுமந்துவந்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் வட்டமாக எட்டுத் தூண்களை எழுப்பிக்கொண்டிருந்தார். தூண்களின்மேல் ஒரு "கூண்டு" வரும் என்பார். குவிமாடத்துக்கு அவர் வைத்திருந்த பெயர் அது. அங்கிருந்து பார்த்தால் காஞ்சியின் கோபுரங்கள் கானலில் மிதந்து, தரையில் ஊன்றாதவைபோலத் தெரியும்.

"ஊரான் நெலத்துலயே ஒழச்சி செத்தாங்க நம்ம ஆளுங்க. அவங்க பேரு எங்கனா ஒரு கல்லுல இருக்குதாம்மா?" என்று கேட்பார்.

பெரியப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால், பூச்சு ஈரமாக இருக்கும்போதே ஆணியால் பெயர் எழுதுவது என் வேலையாயிற்று. ஏழு தூண்களில் எங்கள் குடும்பத்தில் செத்தவர்கள், இருப்பவர்கள் என ஏழு பேர் ஏறிவிட்டார்கள். அவருடைய ஒரே தங்கை, என் கன்னியம்மா அத்தை, அந்தக் கணக்கில் இல்லை. தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பத்துப் பையனை விரும்பிக் கட்டிக்கொண்டு செவிலிமேட்டுக்குப் போனதிலிருந்து அத்தையின் பேச்சையே எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. ஒருநாள் அத்தை என் பள்ளிக்கூட வாசலில் காத்திருந்து, "மலைமேல எல்லார் பேரும் எழுதிக்கினு இருக்கியாமே. எம் பேரச் சொன்னாராம்மா அண்ணன்?" என்று கேட்டார். நான் இல்லையென்று தலையசைத்தேன்.

எட்டாவது தூணைப் பூசி முடித்ததும், "இது எனக்கு. எம் பேர எழுதும்மா" என்றார் பெரியப்பா. நான் கன்னியம்மா என்று எழுதினேன். அவர் அதை ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மதியம் சோறு கொண்டுவந்த அப்பா அதை வாய்விட்டுப் படித்துவிட்டார். பெரியப்பா திரும்பி என்னைப் பார்த்தார். கரணையால் வழித்துவிடலாம் என்று அப்பா கிட்டே போனார்.

"வுடுப்பா. அவளும் நம்ம வூட்டுப் பொண்ணுதானே" என்று பெரியப்பா தடுத்தார்.

அடுத்த ஞாயிறு அவர் குன்றேறவில்லை. வாழைப்பழச் சீப்போடு செவிலிமேட்டுக்கு டவுன் பஸ் ஏறினார். அத்தை வீட்டுப் பின்சுவர் சரிந்து கிடந்ததாம். அதை எடுத்துக் கட்டினார், பிறகு ஒரு சமையலறை, பிறகு மாடிப்படி. ஞாயிறுகளெல்லாம் அங்கேயே கழிந்தன. கூண்டு வரவேயில்லை.

பெரியப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. குன்றை ஜல்லிக்காக வெட்டி எடுத்துவிட்டார்கள். தூண்கள் நின்ற உயரத்தில் இப்போது வெறும் ஆகாயம். வீட்டைவிட்டு நகர முடியாத அத்தைக்கு இது தெரியாது. போன மாதம் பார்க்கப் போயிருந்தேன்.

"மலைல எம் பேரு இன்னும் இருக்குதாம்மா?"

"இருக்குது அத்தை."

"அண்ணன் பேர எதுல எழுதுன?"

அதுவரை அத்தை அதைக் கேட்டதேயில்லை.

"அதே தூண்லதான் அத்தை. உங்க பேருக்குப் பக்கத்துல" என்றேன்.